லெவன் பிளஸ் எழுதும் பிள்ளைக்குப் பரிசு: எதற்கு, எப்போது, எவ்வளவு?

லெவன் பிளஸ் என்ற நுழைவுப் பரீட்சையின் புள்ளியைப் பார்த்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசு இடைநிலைப் பள்ளிகளுக்கு இங்கிலாந்தில் கிராமர் பள்ளி என்று பெயர். அதற்குப் பிள்ளையைத் தயார்ப்படுத்தும் தமிழ்ப் பெற்றோர் இருவர் சந்தித்தால் முதலில் டியூஷன் பற்றிப் பேசுவார்கள். அப்புறம் எந்தப் பள்ளி, எத்தனை மாதிரிப் பரீட்சை. கடைசியில் ஒருவர் மெல்லக் கேட்பார்: "பாஸ் பண்ணினால் பிள்ளைக்கு என்ன வாங்கித் தாறதாகச் சொல்லியிருக்கிறீங்கள்?"

பதில் வீட்டுக்கு வீடு மாறும். ஐபோன், பிளேஸ்டேஷன், நாய்க்குட்டி, புள்ளிக்கு ஒரு பவுண்டு என்று கணக்குப் போட்டுக் காசு. "படிக்கிறது அவளுடைய வேலை, அதற்கு என்னத்துக்குப் பரிசு?" என்பவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோல் தோன்றி, எதையும் முடிவு செய்ய முடியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிசு கொடுக்கலாம். ஆனால் பெறுபேறு வருவதற்கு முன்பே கொடுத்து முடித்துவிட வேண்டும்.

## பரீட்சை ஒரு நாள், முடிவு அனுமார் வால்

இங்கிலாந்தில் இன்று அரசு கிராமர் பள்ளிகள் 163 இருக்கின்றன. இவற்றுக்கான பரீட்சையைப் பிள்ளை இயர் 6 (ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பு) தொடங்கிய கையோடு, பெரும்பாலும் செப்டம்பரில் எழுதுகிறது. செப்டம்பர் தொடக்கத்தில் பிறந்தவர்கள் பதினொன்றைத் தொட்டிருப்பார்கள், மற்றவர்களுக்கு இன்னும் பத்து வயதுதான். பெறுபேறு பல இடங்களில் அக்டோபர் நடுவில் வருகிறது. இடைநிலைப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 31. எந்தப் பள்ளியில் இடம் என்பது தெரிவது மார்ச் 1இல். அதற்குப் பிறகும் காத்திருப்புப் பட்டியல், மேன்முறையீடு என்று கோடை வரை இழுபடும் வீடுகள் உண்டு.

இதில் "பாஸ்" என்பது எங்கே இருக்கிறது? பக்கிங்ஹாம்ஷயரில் 121 எடுத்தால் தகுதி. ஸ்லவ் பகுதியில் 111. தகுதி வந்துவிட்டால் இடம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, வீடு எவ்வளவு தூரம் என்பதும் பார்க்கப்படும். வடக்கு லண்டனில் பார்னெட்டில் உள்ள குயின் எலிசபெத் ஆண்கள் பள்ளியில் ஆயிரக்கணக்கான பையன்கள் எழுதி, இருநூறுக்கும் குறைவான இடங்களுக்குப் புள்ளி வரிசைப்படி எடுக்கிறார்கள். தெற்கு லண்டனில் சட்டன் பக்கத்துப் பள்ளிகளுக்கு முதற்கட்டம் ஒன்று, அதைத் தாண்டினால் இரண்டாம் கட்டம். போதாக்குறைக்கு, கடிதத்தில் வரும் எண் பிள்ளை சரியாகச் செய்த கேள்விகளின் எண்ணிக்கை அல்ல. எழுதிய எல்லோரையும் வைத்து, வயதையும் கணக்கில் எடுத்துச் சீராக்கிய புள்ளி அது. அப்பா, அம்மாவுக்கே அதை விளக்கச் சிரமம்.

அதனால் "பாஸானால் ஐபோன்" என்று சொன்ன வீட்டில் அந்த ஐபோன் எப்போது கொடுபட வேண்டும் என்றே சண்டை வரலாம். அக்டோபரிலா, மார்ச்சிலா? தகுதி கிடைத்து இடம் கிடைக்காவிட்டால்? முதற்கட்டம் தாண்டி இரண்டாவதில் விழுந்தால்? பரிசைப் பேசும்போது யாரும் இதையெல்லாம் பேசி வைப்பதில்லை.

## எதை வைத்து எடை போடுவது?

ஐந்து கேள்விகள் போதும்.

1. பரிசைப் பெறச் செய்ய வேண்டியது பிள்ளையின் கையில் இருக்கிறதா?
2. உழைத்ததற்கும் பரிசுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? பத்து வயதுக்கு ஆறு மாதம் என்பது ஒரு யுகம்.
3. பெறுபேறு சரியில்லாத அன்று அந்தப் பரிசு வீட்டில் என்னவாக இருக்கும்?
4. வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகள் அதை எப்படிப் பார்ப்பார்கள்?
5. பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுப் பரீட்சை வரும்போது விலை எங்கே போய் நிற்கும்?

பரிசின் விலையை நான் அளவுகோலாகச் சேர்க்கவில்லை. டியூஷனுக்கும் மாதிரிப் பரீட்சைக்கும் கொட்டிய காசோடு பார்த்தால் பரிசுச் செலவு பெரிய விஷயமே இல்லை.

## 1. "பாஸானால் பெரிய பரிசு"

இது புதுசு இல்லை. 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு, இங்கிலாந்து முழுக்கப் பிள்ளைகள் லெவன் பிளஸ் எழுதிய காலத்தில், பாஸானால் புதுச் சைக்கிள் என்பது ஆங்கிலேய வீடுகளில் சாதாரண வழக்கம். அந்தத் தலைமுறை தன் சிறுவயதைப் பற்றிப் பேசும்போது கிடைத்த சைக்கிளும் வரும், கிடைக்காத சைக்கிளும் வரும்.

நமக்கும் இது ஊரிலிருந்து கூடவே வந்த பழக்கம். இலங்கையில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையும் ஏறக்குறைய இதே வயதில்தான். வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த பிள்ளைக்கு மாலை, பாராட்டு விழா, பாடசாலை மதிலில் படத்தோடு பதாகை. இரண்டு புள்ளி குறைந்த பிள்ளை அந்தப் பதாகையைக் கடந்துதான் தினமும் பள்ளிக்குப் போக வேண்டும். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் லண்டனில் பெற்றோரானதும் பெறுபேற்றுக்குப் பரிசு என்பது இயல்பாகவே வாயில் வருகிறது.

இதற்கு ஆதரவாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. விளக்கம் தேவையில்லை. பிள்ளைக்கு உடனே புரியும், முதல் இரண்டு வாரம் மேசையில் உட்காரவும் வைக்கும். அதற்குப் பிறகுதான் சிக்கல். செவ்வாய்க்கிழமை மாலை பின்னக் கணக்கு வராமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அடுத்த மார்ச் மாத ஐபோன் ஒரு உதவியும் செய்யாது.

அமெரிக்கப் பொருளியலாளர் ரோலண்ட் ஃப்ரையர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காசு கொடுத்துப் பார்த்த பெரிய பரிசோதனைகளை 2011இல் வெளியிட்டார். நியூயார்க்கில் பரீட்சைப் புள்ளிக்குக் காசு. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பரீட்சைக்கு 25 டாலர் வரை. புள்ளி உயரவில்லை. இன்னும் அதிகம் சம்பாதிக்க என்ன செய்யலாம் என்று பிள்ளைகளிடம் கேட்டபோது, பரீட்சை எழுதும் உத்திகளைத்தான் சொன்னார்கள். கூடப் படிக்கலாம், ஆசிரியரிடம் கேட்கலாம் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆசை இருந்தது, வழி தெரியவில்லை.

மூன்றாவது கேள்வியில்தான் இந்த முறை முழுசாக விழுகிறது. 121 எடுத்த பிள்ளையும் 120 எடுத்த பிள்ளையும் ஒரே மாதிரி உழைத்திருப்பார்கள். ஒருவருக்குச் சைக்கிள், மற்றவருக்கு வெறுங்கை. பிள்ளைக்கு அன்று பள்ளியும் போகிறது, சைக்கிளும் போகிறது. "பரவாயில்லை, சைக்கிள் வாங்கித் தாறன்" என்று அப்போது மனமிரங்கினால் அது ஆறுதல் பரிசாகிவிடும். தோற்றதற்குக் கிடைத்த சாமான் என்று பிள்ளைக்குத் தெரியும்.

இரட்டைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைப் பேச்சுக்கே எடுக்க வேண்டாம். மூத்தது கிடைக்காமல் நுழைவுப் பரீட்சை இல்லாத பக்கத்துப் பள்ளிக்குப் போய், இளையது இப்போது எழுதுகிறது என்றாலும் அப்படியே.

எங்கே பொருந்தும்? வாக்குக் கொடுக்காமல், பெறுபேறு வந்த பிறகு சந்தோஷத்தில் ஏதாவது வாங்கிக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, வீட்டில் ஒரே பிள்ளை என்றால். முன்கூட்டியே பேரம் பேசுவது எந்த வீட்டுக்கும் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை.

## 2. படிக்கும் மாதங்களில் சின்னச் சின்னப் பரிசுகள்

சுவரில் ஒரு அட்டை, உட்கார்ந்து செய்தால் ஒரு நட்சத்திரம், பத்து சேர்ந்தால் வெள்ளிக்கிழமை படம் பார்க்கலாம். முதல் இரண்டு கேள்விகளிலும் இதுதான் முன்னணி. பிள்ளை இன்று செய்யக்கூடியதற்கு இந்த வாரமே பலன். ஃப்ரையரின் அதே பரிசோதனைகளில் டாலஸ் நகரில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் வாசித்து, அதுபற்றிய சிறு கேள்விகளுக்குப் பதில் சொன்னால் 2 டாலர் கொடுத்தார்கள். அங்கே வாசித்து விளங்கிக்கொள்ளும் திறன் உயர்ந்தது. செய்யக்கூடிய வேலைக்குக் கொடுத்தது எடுபட்டது, புள்ளிக்குக் கொடுத்தது எடுபடவில்லை.

ஆனால் எதை எண்ணுகிறீர்கள் என்பதில் எல்லாமே இருக்கிறது. தாளில் 85க்கு மேல் எடுத்தால் நட்சத்திரம் என்று வைத்தால் அது முதல் முறையின் குட்டி வடிவம்தான். முடித்த தாள்களை எண்ணினால் பிள்ளை வெர்பல் ரீசனிங் (சொற்களை வைத்துத் தர்க்கம் பார்க்கும்) தாளைப் பத்து நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு அடைத்துத் தள்ளும். பிழைவிட்ட கேள்வியைத் திரும்பச் செய்து, ஏன் பிழைத்தது என்று அம்மாவுக்குச் சொல்லிக் காட்டுவதை எண்ணுங்கள். அலுப்பான வேலை அதுதான், பிரயோசனமான வேலையும் அதுதான்.

மறைந்த செலவு பெற்றோரின் நேரம். வேலையிலிருந்து ஏழு மணிக்கு வந்து, சமைத்து, அட்டையையும் பார்க்க வேண்டும். இரண்டு நாள் மறந்தால் கணக்குக் குழம்பும், பிறகு யாரும் நம்பமாட்டார்கள். இன்னொன்று, பேரம் பழகிவிடும். "மேசையைத் துடைத்தால் எத்தனை நட்சத்திரம்?" என்று கேட்கத் தொடங்கினால் அட்டையைக் கழற்றும் நேரம் வந்துவிட்டது.

தொடங்கவே முடியாமல் இழுத்தடிக்கும் பிள்ளைக்கும், ஜூலைக் கடைசியிலிருந்து வரும் ஆறு வாரக் கோடை விடுமுறைக்கும் இது மிகப் பொருத்தம். இயர் 4இலிருந்தே தொடங்கி இரண்டு வருடம் ஓட்டுவது வீண் வேலை.

## 3. காசு

சுருக்கமாகவே சொல்லலாம். புள்ளிக்குக் காசு என்பது முதல் முறையின் எல்லாக் குறையும் கொண்டது, கூடவே ஐந்தாவது கேள்வியிலும் அடிவாங்கும். பத்து வயதில் புள்ளிக்கு ஒரு பவுண்டு என்றால் பதினாறு வயதில் ஒன்பது பாடத்துக்கு என்ன விலை என்று அந்தப் பிள்ளையே உங்களுக்குச் சொல்லும். ஏற்கெனவே எதற்காவது காசு சேர்க்கும் பிள்ளையின் உண்டியலில், பரீட்சை முடிந்த அன்று ஒரு தொகை போடுவது வேறு விஷயம். அதைக் கீழே உள்ள நாலாவது முறையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## 4. பரீட்சை முடிந்ததும், பெறுபேறு பாராமல்

என் வாக்கு இதற்கு. கடைசிப் பரீட்சை எழுதி வெளியே வந்த அன்று, அல்லது அந்த வார இறுதியில், பரிசு கையில். என்ன புள்ளி வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அது எதற்குக் கொடுக்கப்படுகிறது என்பதில் குழப்பமே வராது.

காலத்தைப் பற்றி இன்னொரு ஆய்வும் உண்டு. சிகாகோ பகுதிப் பள்ளிகளில் பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட்டும் மற்றவர்களும் சாதாரண வகுப்புத் தேர்வுகளுக்கு முன் பரிசு அறிவித்துப் பார்த்தார்கள். தேர்வு முடிந்தவுடன் கிடைக்கும் பரிசு வேலை செய்தது, ஒரு மாதம் கழித்துத் தரப்படும் என்றால் அதே பரிசு எடுபடவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் காசைவிட மலிவான வெற்றிக் கோப்பை ஒன்றே போதுமாக இருந்தது. லெவன் பிளஸ் போன்ற பெரிய பரீட்சைக்கு இதை அப்படியே பொருத்த முடியாது, ஆனாலும் மார்ச் வரை காத்திருக்கச் சொல்லும் பரிசைப் பற்றி ஏதோ சொல்கிறது.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில. ஒரே பிள்ளை செப்டம்பரில் மூன்று நாலு பகுதிகளில் எழுதுவது இப்போது வழக்கம். ஒவ்வொன்றுக்கும் பரிசு என்றால் களைத்துப்போவீர்கள். ஒவ்வொரு பரீட்சைக்குப் பிறகும் ஐஸ்கிரீமோ பர்கரோ, கடைசியானது முடிந்ததும் உண்மையான பரிசு. இரண்டாம் கட்டம் இருக்கும் பள்ளி என்றால் முதற்கட்டத்தின் முடிவில் கொடுத்துவிடுங்கள். இரண்டாவதுக்குக் கூப்பிட்டால் இன்னொரு ஐஸ்கிரீம்.

என்ன பரிசு? சாமானைவிட வெளியே போவது நல்லது என்பது என் எண்ணம். மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து வரலாம், நாலாவது கேள்வி அத்தோடு தீர்ந்துவிடும். செசிங்டன், தோர்ப் பார்க், லெகோலாண்ட் போன்ற கேளிக்கைப் பூங்காக்கள் நவம்பர் தொடக்கத்தோடு வழக்கமான பருவத்தை முடித்துக்கொள்ளும். பெறுபேறு வரட்டும், இடம் கிடைக்கட்டும் என்று தள்ளிப்போட்டால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். ஆனால் பிள்ளை ஒரு வருடமாக ஒரு லெகோ பெட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தால் அதையே வாங்குங்கள்.

முன்கூட்டியே சொல்வதா? "எல்லாம் முடிந்ததும் அந்தச் சனிக்கிழமை லெகோலாண்ட் போகிறோம்" என்று திகதி போட்டுச் சொல்லலாம். "நன்றாக எழுதினால்" என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்தீர்களோ, திரும்பவும் முதல் முறைக்குப் போய்விட்டீர்கள்.

இதன் குறை என்ன? ஒழுங்காகப் படிக்காத பிள்ளைக்கும் அதே பரிசு போகும். இந்த முறைப்பாட்டைப் பல அப்பாக்களிடம் கேட்டிருக்கிறேன், அதில் நியாயம் உண்டு. படிக்க வைப்பதற்கு இரண்டாவது முறையை வைத்துக்கொள்ளுங்கள், இதை அதற்குப் பயன்படுத்தாதீர்கள் என்பதே என் பதில். பத்து வயதில், முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான பிள்ளைகளோடு ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து தாளை எழுதி முடித்ததே கொஞ்சம் துணிச்சலான காரியம். அதற்கு ஒரு நாள் கொடுக்கலாம்.

## 5. பரிசே வேண்டாம்

இதைக் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியாது. புதிர் போடுவதில் தானாகவே ஆசையுள்ள பிள்ளைகள் உண்டு. உருவங்களைத் திருப்பிப் போடும் நான்வெர்பல் தாளை விளையாட்டாகச் செய்வார்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர் மூவர் பாலர் பள்ளியில் செய்த ஆய்வு புகழ்பெற்றது. வண்ணப் பேனாவால் படம் வரைவதில் விருப்பமான குழந்தைகளிடம் "வரைந்தால் விருது" என்று சொல்லி விருதும் கொடுத்தார்கள். பிறகு அந்தக் குழந்தைகள் தாமாக வரைவது குறைந்தது. சொல்லாமல் திடீரென்று விருது கொடுத்த குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. விரும்பிச் செய்யும் பிள்ளைக்கு விலை பேசாதீர்கள், முடிந்த பிறகு சொல்லாமல் ஏதாவது செய்யுங்கள்.

ஆனால் பரிசு இல்லாத வீட்டில் வாய்ச்சொல் இருக்க வேண்டும். அதுவும் எந்தச் சொல்? 1998இல் உளவியலாளர்கள் முல்லர், ட்வெக் இருவரும் கிட்டத்தட்ட இதே வயதுப் பிள்ளைகளிடம் பார்த்தது: புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள், அடுத்து ஒரு கடினமான தாளில் சறுக்கியதும் சோர்ந்துபோனார்கள். நன்றாக உழைத்தாய் என்று பாராட்டப்பட்டவர்கள் அவ்வளவு சோரவில்லை. நம் வீடுகளில் "என்ரை பிள்ளை கெட்டிக்காரன்" என்பதுதான் பாராட்டின் உச்சம். "அந்தப் பின்னக் கணக்கை விடாமல் நாலு தரம் செய்தாயே" என்பது வாயில் வரக் கொஞ்சம் பழக வேண்டும்.

மறைந்த செலவு: பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பிளேஸ்டேஷன் வரும்போது உங்கள் பிள்ளை அதைக் கவனிக்கும். என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருங்கள்.

## ஒரே பார்வையில்

| முறை | பிள்ளையின் கையில்? | எப்போது கிடைக்கும்? | பெறுபேறு சரியில்லாத அன்று | எங்கே பொருந்தும்? |
|---|---|---|---|---|
| பாஸானால் பெரிய பரிசு | பெரும்பாலும் இல்லை | அக்டோபர், மார்ச் அல்லது அதற்கும் பிறகு | இரட்டை இழப்பு | வாக்குக் கொடுக்காத சந்தோஷப் பரிசாக, ஒரே பிள்ளை வீட்டில் |
| சின்னச் சின்னப் பரிசுகள் | ஆம், வேலையை எண்ணினால் | அந்த வாரமே | பாதிப்பில்லை | தொடங்கத் தயங்கும் பிள்ளை, கோடை ஆறு வாரம் |
| புள்ளிக்குக் காசு | இல்லை | பெறுபேற்றோடு | தொகை குறைந்து குத்தும் | எங்கும் இல்லை |
| முடிந்ததும், பெறுபேறு பாராமல் | ஆம் | செப்டம்பர் கடைசி | ஏற்கெனவே அனுபவித்தாயிற்று | பெரும்பாலான வீடுகள் |
| பரிசு இல்லை | பொருந்தாது | – | பாதிப்பில்லை, பேச்சு சரியாக இருந்தால் | தானாக விரும்பிச் செய்யும் பிள்ளை |

இரண்டாவதையும் நாலாவதையும் சேர்த்துச் செய்யலாம். கோடையில் அட்டை, செப்டம்பர் முதல் வாரத்தில் அட்டையைக் கழற்றிவிட்டு, மாதக் கடைசியில் வெளியே ஒரு நாள்.

## பெறுபேறு வரும் நாளும் உறவினரும்

பெறுபேற்று நாளுக்குத் தனியாக ஒரு ஏற்பாடு வேண்டும். இரண்டு முடிவுக்கும் ஒரே ஏற்பாடு. மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன்பே இரவுக்குக் கொத்துரொட்டி சொல்லிவிடுங்கள். கிடைத்தாலும் கொத்துரொட்டி, கிடைக்காவிட்டாலும் கொத்துரொட்டி. தேதி முன்னரே தெரியும் என்பதால் அது வேலைநாளாக இருந்தால் ஒருவராவது பிள்ளை பள்ளியால் வரும் நேரத்துக்கு வீட்டில் இருக்கப் பாருங்கள். பிள்ளையின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் புள்ளிகள் பறக்கத் தொடங்கும், அன்று மாலை அதைப் பார்க்காமல் இருப்பது பெற்றோருக்கும் நல்லது.

நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கனடாவிலிருந்து மாமா வீடியோவில் வந்து "பாஸ் பண்ணு, மாமா ஐபாட் வாங்கித் தாறன்" என்று ஒரு நொடியில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுவார். அம்மம்மா தங்கச் சங்கிலி என்பார். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பாசத்தைக் காட்ட அவர்களுக்குத் தெரிந்த வழி அது. கோடை தொடங்கும்போதே தனியாக அழைத்துச் சொல்லிவிடுங்கள்: தருவதானால் செப்டம்பர் கடைசியில், பரீட்சை எழுதியதற்காகத் தாருங்கள், பெறுபேற்றைப் பற்றிப் பிள்ளையிடம் கேட்க வேண்டாம், அதை நாங்களே சொல்லுவோம். மாமா ஏற்கெனவே சொல்லிவிட்டார் என்றால் பிள்ளையின் முன்னாலேயே அவரைக்கொண்டு வாக்கை மாற்றச் சொல்லுங்கள்: "எழுதி முடிச்சாலே ஐபாட்தான்." மாமாவுக்குச் செலவு ஒன்றுதான்.